தட்டில் மிச்சம் வைக்கலாமா

சீனத்துக்குப் போய்வரும் வித்தையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்க்கட்டும். குருவினுடையதில் முத்திரை குத்த இடம் இல்லை. சீடருடையதில் இன்னும் பசை வாசம் போகவில்லை.

குருவின் பெயர் சபுரா. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பை, சூட்கேஸ் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை சீனாவில் யீவூ சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். சீன மொழியில் பேரம் பேசுவார், சண்டை போடுவார், எழுதவும் வரும்.

சீடர் நல்லபெருமாள், பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண் போட்டு எழுதி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய ஒரே மகன் பரிதிக்குச் செங்டூ நகரத்தில் வேலை. அங்கே மெய்லின் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். இவர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். ஒன்றரை வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்து, கடைசியில் இவரே போன் போட்டுச் சரி என்றார்.

இவர் சரி என்ற பிறகும் பெண்ணின் அப்பா சரி என்று சொல்லவில்லை. லின் என்று பெயர். தபால்காரராக இருந்தவர். "பையனோட அப்பா வரட்டும். நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிடணும். போன் கூடாது, பிள்ளைங்க கூடாது. அப்புறம் சொல்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டாராம்.

பரிதிதான், தனக்கு ஏற்கெனவே பழக்கமான சபுராவிடம் அப்பாவை அனுப்பி வைத்தான். நல்லபெருமாள் ஒரு நோட்டோடு வந்தார். அதில் எண்பத்து மூன்று குறிப்புகள் இருந்தன. கம்ப்யூட்டரில் பார்த்தது, அங்கே டாக்டருக்குப் படித்துவிட்டு வந்த எதிர்வீட்டுப் பெண் சொன்னது, பல் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது எல்லாம் கலந்திருந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணும் புரியல. ஒருத்தர் காசு நிறைய எடுத்துட்டுப் போகச் சொல்றார். இன்னொருத்தர் அங்க காசை யாரும் தொடவே மாட்டாங்கறார்."

"போன்லதான் குடுப்பாங்க சார். அந்த ஆப்பை இங்கேயே ஏத்தி, கார்டையும் சேர்த்துட்டுப் போங்க. போன் செத்துப்போனா ஆகும்னு கொஞ்சம் நோட்டும் வச்சுக்குங்க."

"அப்ப ரெண்டு பேர் சொன்னதும் சரியா?"

"ரெண்டும் சரி."

இது நல்லபெருமாளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் என்று முப்பத்தைந்து வருஷம் இருந்தவர் அவர்.

சபுரா பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனார். ரயிலுக்கும் பாஸ்போர்ட்டே கேட்பார்கள், பையின் அடியில் போடாதீர்கள். தங்கும் இடத்தின் விலாசத்தைச் சீன எழுத்தில் சட்டைப் பையில் வையுங்கள், டாக்சிக்காரரிடம் நீட்டினால் போதும். இங்கே பார்க்கிற மேப் அங்கே திறக்காது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், எங்கும் வெந்நீர் கிடைக்கும், பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். கக்கூஸில் காகிதம் இருக்காது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, பன்றி சாப்பிட மாட்டேன் என்று ஒரு அட்டையில் சீனத்தில் எழுதிக் கொடுத்தார். நல்லபெருமாள் லின்னுக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்த சுவர்க் கடிகாரத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இதை மட்டும் குடுத்துடாதீங்க."

"ஏன்? நல்ல கம்பெனி."

"அங்க கடிகாரம் குடுத்தா சாவுக்கு வழியனுப்புற மாதிரி, ஆகாது சார். பித்தளைக் குத்துவிளக்கு குடுங்க. ரெண்டு கையால குடுங்க."

நல்லபெருமாள் எழுதிக்கொண்டார். பிறகு முப்பத்தாறாம் குறிப்பில் விரலை வைத்தார்.

"தட்டைக் காலி பண்ணினா இன்னும் பசின்னு நெனச்சுப் போட்டுக்கிட்டே இருப்பாங்களாம். கொஞ்சம் மிச்சம் வச்சாதான் வயிறு நெறைஞ்சுதுன்னு அர்த்தமாம். நெஜமா?"

"வயசானவங்க வீட்ல அப்படிப் பாக்குறது உண்டு. இப்ப வீணாக்கக் கூடாதுன்னும் சொல்றாங்க."

"மிச்சம் வைக்கவா, வைக்க வேண்டாமா?"

"போய்ப் பாருங்க."

அவர் நோட்டை மூடினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நான் பேசின பேச்சுக்கு ஒருதடவை பையன் கையை விட்டுப் போனான். இந்த ஒருவேளைச் சாப்பாட்டுல ஏதாவது தப்புப் பண்ணி, மறுபடியும் என்னாலயே கெட்டுதுன்னா என்னால தாங்க முடியாது. முதல்தடவை போறவனுக்கு முக்கியமான ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க. அதை மட்டும் பிடிச்சுக்கறேன்."

சபுரா பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, அவர் முன்னால் வைத்தார்.

"உங்க வீட்டுக்கு முதல்தடவையா ஒருத்தர் வர்றார். நம்ம ஊரைப் பத்தி எதுவும் தெரியாது. அவருக்குப் பத்துக் குறிப்பு எழுதுங்க."

"நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன?"

"எழுதுங்க சார்."

எழுதுவது என்றால் அவருக்குக் கை தானாக ஓடும். ஒன்று, செருப்பை வாசலிலேயே விட வேண்டும். இரண்டு, கையால் சாப்பிட வேண்டும். மூன்று, இடது கையால் உண்ணவோ, எதையும் கொடுக்கவோ கூடாது. நான்கு, தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், ஆக்கியவர் மனசு நொந்துபோகும். நான்கின் கீழே கோடு போட்டார். அவர் மனைவி அப்படித்தான் நொந்துபோவார். பத்து வரைக்கும் எழுதி, பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார்.

சபுரா அதை வாங்கிப் படித்துவிட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் வரும் என்று நல்லபெருமாள் காத்திருந்தார். சபுரா வந்த வாடிக்கையாளருக்கு டிராலியின் சக்கரத்தை உருட்டிக் காட்டப் போய்விட்டார்.

என்ன குருவோ என்று நினைத்தபடியே அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

செங்டூவில் லின் வீடு ஐந்தாவது மாடி. பரிதி வாசல் வரை கொண்டுவந்து விட்டான். "அப்பா, நாங்க கீழே பார்க்கில இருக்கோம்" என்றான். அவன் குரல் சரியாக இல்லை. லிஃப்ட் மூடியதும் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது. ஒல்லியான மனிதர். குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்றார்.

நல்லபெருமாளுக்கு முதல் குழப்பம் அங்கேயே வந்தது. பத்தொன்பதாம் குறிப்பின்படி வீட்டுக்குள் போட ஒரு செருப்பு தருவார்கள். செருப்புகள் இருக்கத்தான் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் படிக்கட்டுப் பக்கம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். சரி என்று இவரும் வெறுங்காலோடு போனார். தரை சில்லிட்டது.

குத்துவிளக்கை இரண்டு கையால் நீட்டினார். லின் இரண்டு கையையும் தூக்கி, ஏதோ நினைத்துக்கொண்டவர் மாதிரி இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கனமான விளக்கை ஒற்றைக் கையால் வாங்கித் தடுமாறினார். பிடிக்கவில்லையோ என்று இவருக்குத் தோன்றியது.

மேஜையில் மீன், கத்தரிக்காய், டோஃபு என்ற சோயாப் பன்னீர், உருளைக்கிழங்கு, சோறு எல்லாம் இருந்தன. லின்னின் மனைவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச மொழி இல்லை. சிரித்துக்கொண்டார்கள்.

மூன்று வாரமாகச் சாப்பாட்டுக் குச்சியால் நிலக்கடலையைக் கவ்விப் பழகியவர் நல்லபெருமாள். குச்சியை எடுத்து டோஃபுவைப் பிடித்தார். அது உடைந்து விழுந்தது. நிமிர்ந்தால், லின் குச்சியைத் தொடவே இல்லை. வலது கையால் சோற்றைப் பிசைந்து, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். முகவாயெல்லாம் பருக்கை.

கிண்டல் பண்ணுகிறார் என்று நல்லபெருமாளுக்குப் பட்டது. நீங்கள் கையால் தின்கிறவர்கள்தானே என்று ஜாடையாகச் சொல்லிக் காட்டுகிறார். காது சூடாகிவிட்டது. மகனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மீன் ருசியாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு மிளகு நாக்கை மரத்துப்போக வைத்தது. வயிறு நிறைந்ததும் முப்பத்தாறாம் குறிப்பை நினைத்து, ஒரு கவளம் சோற்றையும் ஒரு துண்டு மீனையும் மிச்சம் வைத்தார். சோற்றைத் தட்டில் விடுவது அவருக்கு வாழ்நாளில் அதுவே முதல்தடவை. கை கூசியது.

லின் அந்த மிச்சத்தைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. எழுந்துபோய் உள்ளேயிருந்து முட்டையும் தக்காளியும் வதக்கியதைக் கொண்டுவந்து வைத்தார்.

நல்லபெருமாள் அதையும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் மிச்சம் வைத்தார். லின் இன்னும் வாடிப்போய் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்தார்.

இதற்கிடையில் லின்னின் தட்டு துடைத்த மாதிரி காலியாக இருந்தது. காலித் தட்டு என்றால் பசி. பக்கத்தில் இருப்பவருக்கு நாம்தான் எடுத்துப் போட வேண்டும், அது பன்னிரண்டாம் குறிப்பு. இவர் சோறும் கத்தரிக்காயும் அள்ளிப் போட்டார். லின் மிரண்டு பார்த்துவிட்டுக் குனிந்து, கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றார். இவர் மறுபடியும் போட்டார். லின் மறுபடியும் வழித்தார். நெற்றியில் வியர்வை ஓடியது.

இப்படி நாலு சுற்று ஆனது.

சாப்பாடு எதுவுமே பிடிக்காத விருந்தாளி என்று ஒருவர் கலங்க, எவ்வளவு போட்டாலும் பசி தீராத வீட்டுக்காரர் என்று இன்னொருவர் கலங்கினார். எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நல்லபெருமாள் முடிவுக்கு வந்தார். கீழே பார்க்கில் காத்திருப்பவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

கடைசி முயற்சியாக நோட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து, மேஜைக்கு அடியில் மடியில் வைத்துப் புரட்டினார். முப்பத்தாறு சரியாகத்தான் இருந்தது.

எதிரே லின்னும் குனிந்திருந்தார். அவரும் மடியில் எதையோ வைத்துக் கண்ணாடியைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். திருட்டுத்தனமாகக் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பரீட்சைப் பையன்கள் மாதிரி முழித்தார்கள். லின் மெதுவாகத் தன் தாளை மேஜைமேல் வைத்தார்.

அது ஒரு பில் தாள். பின்பக்கம் நல்லபெருமாளின் கையெழுத்து. பத்துக் குறிப்புகள், ஒவ்வொன்றின் கீழும் சபுராவின் கையால் சீன எழுத்து. நான்காவதன் கீழே இவர் போட்ட கோட்டுக்கும் கீழே, சிவப்பு மையில் லின் இரண்டு கோடு போட்டிருந்தார்.

நல்லபெருமாள் அந்தத் தாளைப் பார்த்தார். லின்னுடைய வெறுங்காலைப் பார்த்தார். சோறு ஒட்டிய விரல்களைப் பார்த்தார். தன்மேல் அவருக்கு வெட்கம் வந்தது. இந்த மனிதர் கிண்டல் பண்ணவில்லை.

நோட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்து, முப்பத்தாறாம் குறிப்பைக் காட்டினார். லின்னுக்குத் தமிழ் எழுத்து புரியவில்லை. இவர் தன் மிச்சத்தைச் சுட்டிக்காட்டி, வயிற்றைத் தடவி, கன்னத்தை உப்பவைத்துக் காட்டினார். பிறகு லின்னுடைய காலித் தட்டைக் காட்டி, சோற்றுக் கரண்டியைக் காட்டி, கைவிரித்தார்.

லின் தன் தாளையும் அந்த மிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார். நல்லபெருமாளும் தளர்த்திக்கொண்டார்.

பிறகு லின் ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி மூச்சிரைக்க வந்தார்கள். லின் நீளமாக ஏதோ சொன்னார். பரிதி அப்பாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, அவர் நம்ம வீட்டுக்கு எப்ப வரலாம்னு கேக்குறார்."

"கல்யாணத்துக்கு வரச் சொல்லுடா" என்றார் நல்லபெருமாள்.

சாயங்காலம் பால்கனியில் நின்று சபுராவுக்குப் போன் போட்டார்.

"அந்தத் தாளை நீங்கதான் அனுப்பினீங்களா?"

"ஆமா சார். கூரியர்ல பரிதிக்கு அனுப்பி, அவர்கிட்ட குடுக்கச் சொன்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. என்ன செய்யிறதுன்னு தெரியாம செத்துப் பொழைச்சேன். நான் ஒரே ஒரு குறிப்புதான் கேட்டேன். அதைக்கூட நீங்க சொல்லல."

"முதல்தடவை போறவருக்கு எதுன்னுதானே கேட்டீங்க?"

"ஆமா."

"அந்த மேஜையில முதல்தடவை வந்து உட்கார்ந்தவர் யாரு சார்?"

நல்லபெருமாள் பதில் சொல்ல வாயெடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே லின் மகளை உட்கார வைத்துக்கொண்டு, காலித் தட்டில் விரலைக் குவித்துக் குவித்துக் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும்தாம்மா" என்றார்.