வையாபுரி கேட்ட வண்டி

“இந்த ஊர்ல ஒழுங்கா வண்டி ஓட்டின டிரைவர் ஒருத்தன்கூட இல்லையா, அம்மிணி?”

ஒன்பதாவது லாரியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அன்று வையாபுரி இப்படிக் கேட்டார்.

பூங்கோதை ஒரு டீசல் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது, அவருக்கு ஐம்பத்து மூன்று. ஆனாலும் நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்குகிறவன் எவனும் மெக்கானிக் பூங்கோதையைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கமாட்டான். ‘எடுங்க’ என்றால் எடுப்பான். ‘விடுங்க’ என்றால் விடுவான். ஏன் என்று கேட்டால் அவள் வாயால் சொல்லமாட்டாள், கேட்டவனுக்கே உறைக்கும்படி ஏதாவது செய்துவிடுவாள். அதற்குப் பயந்தே பலர் கேட்பதில்லை.

“இந்த வண்டியில என்னங்கண்ணா குறை?”

“கியரைப் போட்டு அடி அடின்னு அடிச்சிருக்கான் பாவி.”

“அதுக்கு முந்தினது?”

“அதை ஓட்டினவன் ஆயிலே மாத்தல. அதுக்கும் முந்தினதை ஓட்டினவன் குடிகாரன். பம்பரைப் பார்த்தாலே தெரியுதே!”

ஒன்பது வண்டியிலும் அவர் எஞ்சினைவிட டிரைவரைத்தான் அதிகம் சோதித்திருந்தார்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். சொந்தமாக ஒரு டிப்பர் வாங்கி ஜல்லி லோடு அடிக்க வேண்டும் என்பது ஆசை. புது வண்டிக்கு வழியில்லை. பழைய வண்டிக்கே மனைவி ருக்குமணியின் நகையும் ஊரிலிருந்த அரை ஏக்கரும் போயிற்று. வாங்குகிற வண்டி காலை வாரிவிட்டால், மறுபடி எழுந்து நிற்க வயசும் கிடையாது, விற்கப் பொருளும் கிடையாது.

“எப்படிப்பட்ட வண்டி வேணுமுங்க உங்களுக்கு?”

“எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி. என்னை மாதிரி ஒருத்தன் ஓட்டின வண்டியா இருக்கணும்.” நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். “புளியாங்காட்டு கல் கிரஷர்ல பதினோரு வருஷம், ஒரே டிப்பர். நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி, நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்னு சொன்னப்ப மொதலாளி எனக்குத் துண்டு போட்டு, கைசுத்தமான ஆளுன்னு நாலு பேருக்கு முன்னால சொன்னாரு.”

பூங்கோதை முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

“புளியாங்காட்டு கிரஷருங்களா?”

“ஆமா.”

“பத்து நாள் பொறுங்க.”

பதினோராம் நாள் காலை, ஊருக்கு வெளியே ஒரு பெயிண்ட் பட்டறைக்கு அவரை வரச் சொன்னாள்.

ஒரு டிப்பர் நின்றது. பெட்டி புதிதாகக் கட்டியது. கேபினுக்குப் பச்சை அடித்து ஈரம்கூடக் காயவில்லை. பெயிண்டுக்காக நம்பர் பலகையைக் கழற்றியிருந்தார்கள். பின் சக்கரம் ஒன்றும் கழற்றிக் கிடந்தது. வையாபுரி ஓட்டியதும் இதே ரகம்தான். அந்தப் பக்கத்தில் அந்த ரகம் ஆயிரம் ஓடுகிறது.

“ஏழு லட்சத்துச் சொச்சம் ஓடியிருக்குதுங்க,” என்றாள். “ஓட்டினவன் எப்படிப்பட்டவன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. போதும்.”

ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வையாபுரி எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது.

“முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சு ஏமாத்தல. சரி.”

கேபினில் ஏறிக் குனிந்து பார்த்தார்.

“கிளட்ச் பெடல் ஒரு ஓரமாத் தேஞ்சிருக்கு. காலை எந்நேரமும் அதுமேலயே போட்டு ஓட்டியிருக்கான். சோம்பேறிப் பய.”

கழற்றிய சக்கரத்துப் பக்கம் வந்தார்.

“பிரேக் டிரம்மைப் பாரு, சூடேறி நீலம் பாய்ஞ்சு கெடக்குது! இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்கைப் போட்டு மிதிச்சிருக்கான். இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?”

சேசிஸில் இரண்டு இடத்தில் வெல்டிங். அதைப் பார்த்ததும் அவர் குரல் ஏறிவிட்டது.

“ஒரு நடை மிச்சம் புடிச்சு வெரசா வீட்டுக்குப் போகோணும்னு, அளவுக்கு மேல ஏத்தியிருக்கான் அம்மிணி. தன்னோட வண்டியா இருந்தா ஏத்துவானா? அடுத்தவன் வண்டிதானேங்கற தெனாவெட்டு!”

திட்டத் திட்ட அவருக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. மண்ணில் துண்டை விரித்துப் படுத்து, டீசல் டேங்குக்கு அடியில் நகர்ந்தார்.

“அட, இவன் திருட்டுப் பயலும்கூட! டேங்குல ஓட்டை போட்டு, டேங்கைப் புடிச்ச பட்டைக்கு மறைவா ஒரு திருகு வச்சு…”

அதோடு பேச்சு நின்றுவிட்டது.

பித்தளைத் திருகு. மண்ணெண்ணெய் அடுப்பில் காற்றை இறக்குவதற்கு இருக்குமே, அது. அதன் காது ஒன்று உடைந்திருந்தது.

அந்தக் காதை உடைத்தது ருக்குமணி. ஒருநாள் அடுப்பிலிருந்த திருகைக் காணவில்லை என்று அவள் வீடெல்லாம் தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொன்னது அவர்.

“ஏனுங்கண்ணா நிறுத்திட்டீங்க? திட்டுங்க.”

அவர் விரல் அந்த உடைந்த காதைத் தடவிக்கொண்டிருந்தது.

தினம் மூன்று லிட்டர் டீசல். படிக்காசு பத்தாது, எல்லாரும்தான் எடுக்கிறார்கள், முதலாளிக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? பதினோரு வருஷமும் இந்தச் சமாதானம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. தோளில் துண்டு விழுந்தபோதுகூடக் கூசவில்லை. இப்போது, ஆள் பார்க்க முடியாத இடத்தில் படுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் கூசியது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். துண்டை எடுத்து உதறக்கூடத் தோன்றவில்லை.

“இது எங்கிருந்து வந்துச்சு அம்மிணி?”

“மூணு கை மாறி வந்திருக்குதுங்க. நீங்க கேட்ட வண்டிதானுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேண்டாமுன்னு சொல்லிரலாமுங்களா?”

அவர் கேபினில் ஏறினார். சாவியை நுழைத்தார். கிளம்பாது என்றுதான் நினைத்தார். கிளம்பக்கூடாது என்றும் கொஞ்சம் நினைத்தார்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரும்புகை இல்லை, உதறல் இல்லை. பழைய குரல். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இத்தனை பண்ணியும்…” என்றார்.

பூங்கோதை சன்னலோரம் வந்து நின்றாள்.

“இனி யாருங்கண்ணா ஓட்டப்போறது?”

எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து மறுபடியும் டேங்குக்கு அடியில் படுத்து, வெளியே கையை நீட்டினார்.

“கட்டிங் பிளேயர் குடு அம்மிணி. இந்த ஓட்டையை அடைச்சுட்டு வெலை பேசிக்கலாம்.”

பிளேயரைக் கொடுத்துவிட்டு, அடியில் ஒரு டின்னை வைத்தாள். வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த திருகு லேசில் வரவில்லை. நெற்றியில் டீசல் சொட்டச் சொட்ட அவர் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் கையோடு வந்தது.

“அதைத் தூக்கிப் போட்டுருங்க,” என்றாள். “நல்ல நட்டு ஒண்ணு போட்டு அடைச்சுரலாம்.”

வையாபுரி அதைத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேண்டாம் அம்மிணி. வீட்டுல ருக்கு இதை ரொம்ப வருஷமாத் தேடறா.”