வரிசையில் கடைசியாக நின்றவள்

"சாமி, இந்த ஒடம்பு என்னைக் கவுத்துட்டு," என்றாள் பொன்னுருவி.

உப்பளத்துக்கு நடுவே போகும் யாத்திரைப் பாதையில் அவளுடைய தண்ணீர்ப் பந்தல் இருந்தது. வருகிற கடைசி ஆள் குடிக்கும்வரை தன் நாக்கில் ஒரு சொட்டுப் படக் கூடாது என்பது அவள் விரதம். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி ஆள் மட்டும் வந்தபாடில்லை.

நேற்று உச்சிவெயிலில் மயங்கி விழுந்தாள். பானை உடைந்தது. தண்ணீர் ஊற்றும் செம்பு ஒரு பக்கம் நெளிந்தது. அப்போது வந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி, ஈரத் தரையைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து போனாள்.

"அவ எங்க போயி விழுந்தாளோ. நினைச்சா நெஞ்சு அடைக்கி. விரதத்தை இன்னும் கடுமையாக்கணுமா சாமி?"

பந்தலில் உட்கார்ந்திருந்த குரு அவளைவிட வயதில் சின்னவர். பேச்சில் மகா கஞ்சர்.

"மொதல்ல தண்ணி ஊத்துங்க அக்கா. வரிசை முடியட்டும்."

புதுப் பானையிலிருந்து மொண்டு ஊற்றினாள். யாத்திரைக்காரர்கள் கானலிலிருந்து முளைத்து வந்தார்கள். இரு கைகளையும் சேர்த்து ஏந்திக் குடித்தார்கள். மறுபடியும் கானலுக்குள் கரைந்து போனார்கள். உப்பும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுட்டா?"

"இல்ல சாமி. அந்தா, ஒருத்தி நிக்கா."

குரு திரும்பிப் பார்க்கவில்லை. "கூப்பிடுங்க."

"வா தாயி."

கானலில் நின்றவள் அசையவில்லை.

"வர மாட்டேங்கா சாமி."

"ஆளு எப்படி இருக்கா?"

"உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. கண்ணு உள்ள போயிட்டு. நிக்கவே முடியல, பாவம். இவளை யாருமே கவனிக்கலையா?"

பொன்னுருவிக்குக் கண் கலங்கியது. யார் பெற்ற பிள்ளையோ.

"கையை ஏந்தச் சொல்லுங்க."

"எப்படி ஏந்துவா? கையில என்னமோ வச்சிருக்காளே."

"என்னது?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"செம்பு. ஒரு பக்கம் நெளிஞ்ச செம்பு."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

குரு எழுந்து பானையருகே வந்து கையை நீட்டினார்.

"அதை எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க அக்கா."