இறங்கித் தொங்கிய கோட்டு

செங்கரடு ஜமீன்தாருக்குக் கொலை மிரட்டல் வந்த வாரமே, ஜெகவீரன் என்ற துப்பாக்கி வியாபாரி பட்டணத்திலிருந்து வந்து இறங்கினான். உள்ளங்கையில் அடங்கும் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"பூ மாதிரி இருக்கும். மடியில் வைத்தால் இருப்பதே தெரியாது. உயிரையே இதை நம்பி ஒப்படைக்கலாம்."

"சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம், எசமான்" என்றான் காவல்காரன் வெள்ளையப்பன். போன வருஷம் அவன் அண்ணன் இதே மாதிரி ஒன்றை நம்பித்தான் உயிரை விட்டான். விசையை மூன்று தரம் இழுத்தும் அது வெடிக்கவில்லை.

வியாபாரிக்கு முகம் கறுத்தது. "வேல்கம்பு பிடிக்கிறவனுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?"

ஜமீன்தாரும் சீறினார். "தொடாமலே இதில் குறை சொல்லுடா பார்க்கலாம். இல்லாவிட்டால் இன்றோடு உனக்கு வேலை இல்லை."

வெள்ளையப்பன் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. வியாபாரியைத்தான் பார்த்தான்.

"வழியெல்லாம் கொள்ளை பயம். ஐயாவும் தன் உயிருக்கென்று ஒன்று வைத்திருப்பார். அதுவும் பூ மாதிரி என்றால், கோட்டு ஏன் இடப்பக்கம் இப்படி இறங்கித் தொங்குகிறது?"

ஜமீன்தார் கண்ணைக் காட்டினார். ஆட்கள் கோட்டை விலக்கினார்கள். உள்ளே பழைய, கனத்த துப்பாக்கி ஒன்று இருந்தது.



"வாங்குவதானால் அதை வாங்குங்கள், எசமான்" என்றான் வெள்ளையப்பன்.