சுற்றி வந்த குரல்

ஒரு காட்டில், கொடுங்கோடையில், ஒரே ஒரு குட்டைதான் வற்றாமல் கிடந்தது. மானுக்கும் அதே தண்ணீர். புலிக்கும் அதே தண்ணீர். அதனால் மான்கள் காவல் வைத்தன.

குட்டைக்கரையில் ஆள்காட்டிக் குருவி. கிழக்கே நாவல் மரத்தில் மலையணில். மேற்குச் சரிவில், பலா மரத்தில், கருமந்தி. ஒருவர் குரல் மற்ற இருவருக்கும் எட்டும்.

முதல் நாள் மூவருமே, "நானே தலைமை!" என்று கத்தினார்கள். தன்னைவிடச் சிறிய உருவம் அப்படிச் சொல்லக் கேட்டால் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மந்தி அணிலுக்கு விட்டது. அணில் ஆள்காட்டிக்கு விட்டது.

"புலியைக் கண்டால் நான் கத்துவேன். கேட்டதும் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்," என்றது ஆள்காட்டி. "ஆனால் மந்தியக்கா, நீ உன் சரிவில் உள்ள மான்களுக்கு மட்டும் சொல். அணில் பக்கம் காதைத் திறந்து வை, வாயைத் திறக்காதே. என் குரல் உனக்கு எட்டாத நாளில் அணிலின் குரல் உதவும்."

மந்திக்குச் சுருக்கென்றது. காட்டிலேயே பெரிய தொண்டை அதற்குத்தான்.

அடிக்கடி ஆள்காட்டி, "இருக்கிறேன்!" என்று கூவும். அணில் அதை வாங்கி, "ஆள்காட்டி இருக்கிறாள்! நானும் இருக்கிறேன்!" என்று மந்திக்கு அனுப்பும். கூடவே கிண்டலும் வரும். "என்ன மந்தியக்கா, இன்றும் மௌன விரதமா? தொண்டையில் பலாக்கொட்டையா?"

ஒரு காலையில் புலி வந்தது. "புலி!" என்றது ஆள்காட்டி.

மந்திக்குப் பொறுக்கவில்லை. அணில் பக்கம் திரும்பி, "கொடும்புலி! ஓடுங்கள்!" என்று மலை அதிர முழங்கியது.

'அக்கா உயரத்திலிருந்து இன்னொன்றைப் பார்த்துவிட்டாள்' என்று நினைத்த அணில், அதை ஆள்காட்டிக்குச் சொன்னது. ஆள்காட்டி மந்திக்குச் சொன்னது. மந்தி மறுபடி அணிலுக்கு.

புலி தண்ணீர் குடித்துவிட்டு எப்போதோ போய்விட்டது. குரல் மட்டும் போகவில்லை. மான்கள் குட்டைக்கு வரும்; "கொடும்புலி!" என்று கேட்கும், வாய் வைக்காமலே சரிவுக்கு ஓடும்.

"குட்டிக்கு ஒரு வாய்த் தண்ணீராவது..." என்று கெஞ்சியது ஒரு தாய்மான். அதன் குட்டிக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"உயிர் பெரிதா, தண்ணீர் பெரிதா? சொன்னால் கேள்!" என்று அதட்டியது மந்தி. தான் இல்லாவிட்டால் இந்தக் காடு என்னவாகும் என்று உள்ளூரப் பெருமை.

உச்சி வெயிலில், மான்கள் மறுபடி குட்டைக்குப் போயிருந்த நேரம், கீழே சருகு சரசரத்தது. மந்தி குனிந்து பார்த்தது. பலா மரத்தடிப் புதரில் புலி பதுங்கியிருந்தது, ஓடி வரும் மான்களுக்காக.

அப்போது குட்டைக்கரையிலிருந்து கம்மிப்போன குரல் வந்தது. "கொடும்புலி! ஓடுங்கள்!"

மந்திக்கு உடல் கூசியது. ஆள்காட்டி ஒருநாளும் 'கொடும்புலி' என்று சொன்னதில்லை. அது தன் சொல். காலையிலிருந்து கேட்டதெல்லாம் தன் குரல்தான்.

மான்கள் சரிவை நோக்கித் திரும்பிவிட்டன. கடைசியில் குட்டி தள்ளாடி வந்தது.

மந்தி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. அணிலுக்குச் செய்தி போகவில்லை, அணில் அடங்கியது. ஆள்காட்டியும் அடங்கியது. திடீர் அமைதியில் மான்கள் திகைத்து நின்றன. அதன் பிறகே மந்தி கைகளை எடுத்து, மான்களை மட்டும் பார்த்துச் சொன்னது: "வராதீர்கள்! புலி என் மரத்தடியில்!"

மான்கள் திரும்பி ஓடின. ஏமாந்த புலி எழுந்து போனது.

குட்டி வயிறு முட்டக் குடித்தது. தாய்மான் சரிவிலிருந்த பலா மரத்தை அண்ணாந்து பார்த்து, "மந்தியக்கா, நாளெல்லாம் எங்களுக்காகக் கத்தினாயே! உன்னால்தான் பிழைத்தோம். வா, நீயும் குடி," என்றது.

"நான்தான்... உங்கள் தாகத்துக்கு நான்தான்..." என்றது மந்தி.

காட்டிலேயே பெரிய அந்தத் தொண்டையிலிருந்து வந்த சொல், அடுத்த கிளைக்குக்கூட எட்டவில்லை.

நீதி: பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் காவல்தான், அதை இழிவென்று நினைப்பவர் தம் கூச்சலையே செய்தியென்று நம்புவார்.