எண்ண மறந்த முதலாளி

பவானியில் விசைத்தறி முதலாளி சென்னிமலையப்பர் இரண்டு ரக்பி அணிகளை நடத்திவந்தார். ஆண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். பெண்களுக்குப் பஸ் காசும் வாழைப்பழமும் மட்டும்தான்.

பெண்கள் அணியில் மாற்று ஆட்டக்காரியான பூங்கோதை போய்ச் சம்பளம் கேட்டாள்.

முதலாளி சிரித்தார். "பொம்பளைங்க ஆட்டத்தை எவன் பார்ப்பான்? பாதிக் கூட்டம் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தா, ஆம்பளைங்க சம்பளத்தையே உங்களுக்கும் தர்றேன்."

"சரிங்கய்யா. ஆனா எந்திரிச்சுப் போறவங்களை நீங்களேதான் எண்ணோணும். வேற யார் எண்ணுனாலும் ஒத்துக்க மாட்டோமுங்க."

அதற்கென்ன என்று அவரும் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஆட்டத்தன்று மைதானத்து வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் முடியச் சற்று முன்புதான் பூங்கோதையை இறக்கினார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். எதிரணியில் ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்தாள். இன்னொருத்தி தோளைப் பற்றினாள். மூன்றாமவள் முதுகில் தொங்கினாள். மூவரையும் இழுத்துக்கொண்டே, கால் சேற்றில் புதையப் புதைய, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தாள். கூட்டம் மூச்சுவிட மறந்து, பிறகு ஒரே குரலாக ஆர்ப்பரித்தது.

ஆட்டம் முடிந்ததும் சேறு சொட்ட அவர்முன் வந்து நின்றாள்.

"எத்தனை பேருங்கய்யா போனாங்க?"

அவர் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். "எண்ணலையே அம்மிணி. உன்மேல இருந்து கண்ணை எடுக்க முடியலை."

"வாசல்ல உட்கார்ந்த நீங்களே வாசலைப் பார்க்கலைன்னா, வேற யாருங்கய்யா போயிருப்பாங்க?"

அந்த மாதமே பெண்களுக்குச் சம்பளம் வந்தது. முதலாளியே எழுந்து நின்று, ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தார்.