அட்டையில் இருந்த விடை

தொலைக்காட்சி வினாடிவினாவின் அரையிறுதிச் சுற்று முடிந்து கால்மணி நேரம் ஆகியும் குற்றாலிங்கத்தின் வலக் கட்டைவிரல் ஓயவில்லை. ஒப்பனை அறை நாற்காலியின் கையை அது அழுத்திக்கொண்டே இருந்தது, அங்கே ஒரு பஸ்ஸர் இருப்பதுபோல.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்தில் பயணச்சீட்டு கிழித்த விரல். அந்த விரலின் வேகத்தைப் பார்த்துத்தான் ரெஜினா டீச்சர் அவரைத் தம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். தென்காசியில் ஞாயிறுதோறும் வினாடிவினாப் பயிற்சி நடத்துபவர் ரெஜினா; இந்த மாணவரைவிட இருபத்தைந்து வயது இளையவர்.

"சட்டையை மாற்றுங்கள், அண்ணாச்சி," என்றார் ரெஜினா.

இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் படம் பிடிப்பார்கள். பார்ப்பவர்களுக்கு இறுதிச் சுற்று அடுத்த வாரம் நடந்ததாகத் தோன்ற வேண்டும். அதற்காகப் போட்டியாளர்கள் வேறு உடை கொண்டுவர வேண்டும் என்பது நிகழ்ச்சியின் விதி. குற்றாலிங்கம் கொண்டுவந்திருந்த நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் மேசைமேல் கிடந்தது.

அவர் எழுந்தார். இரண்டடி நடந்தார். பழைய சட்டையின் பொத்தானைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"பணிமனையில என்ன சொன்னானுவ தெரியுமா டீச்சர்? 'கண்டக்டருக்கு எதுக்குவே பொது அறிவு? பின்னால ஏறுனவன் யாருன்னு தெரிஞ்சாப் போதாதா?'ன்னு கேட்டானுவ. இன்னைக்கு ஃபைனல் மேடையில நிக்கப்போறேன். எத்தனை வருஷத்து ஆசை!"

"நிற்கப்போகிறீர்கள். பிறகு என்ன?"

"நான் ஜெயிச்சேனா டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க."

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது ரெஜினாவுக்குத் தெரியும். பார்வையாளர் வரிசையில் அவரும் இருந்தார்.

அரையிறுதியின் கடைசிக் கேள்வி அது. இருவரும் சம புள்ளியில் நின்றார்கள். 'இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?' என்றார் நெறியாளர். எதிரே நின்ற சுலைகா பேகம், ஒரு கிளை நூலகத்தின் நூலகர், முதலில் பஸ்ஸரை அழுத்தினார். "அப்படி எந்த விளையாட்டையும் அரசு அறிவிக்கவில்லை," என்றார். அரங்கம் சிரித்தது. நெறியாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். தவறு என்றார். கேள்வி குற்றாலிங்கத்திடம் வந்தது.

"ஹாக்கி," என்றார் குற்றாலிங்கம்.

மணி அடித்தது. பத்துப் புள்ளிகள்.

"அந்தம்மா சொன்னதுதான் சரி," என்றார் அவர் இப்போது, ஒப்பனை அறையில். "எனக்குத் தெரியும்லா? தெரிஞ்சேதான் ஹாக்கின்னேன். நீங்கதான வகுப்புல சொன்னிய? 'அரசு எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் மேடையில் கேட்டால் ஹாக்கி என்று சொல்லுங்கள், அட்டையில் அதுதான் இருக்கும்'னு."

"சொன்னேன்."

"அப்ப நான் செஞ்சது சரியா?"

ரெஜினா தம் குறிப்பேட்டைப் புரட்டினார். பிறகு மூடினார்.

"உங்கள் பேருந்தில் ஊர்ப் பலகையை மாற்ற மறந்த நாள் உண்டா?"

"அது எதுக்கு டீச்சர் இப்ப?"

"உண்டா?"

"ஒருநாள் நடந்துச்சு. திருநெல்வேலியில எடுத்த வண்டி, தென்காசிக்கு வரணும். முந்தின நடைக்குப் போட்ட பாபநாசம் பலகை அப்படியே தொங்குது. வாழைத்தாரோட ஒருத்தன் ஏறிட்டான். சீட்டுப் போடும்போதுதான் தெரியுது, அவன் பாபநாசம் போறவன்னு."

"என்ன செய்தீர்கள்?"

"விசிலடிச்சு வண்டியை நிப்பாட்டுனேன். இறங்குய்யான்னா இறங்க மாட்டேங்கான். 'பலகையில பாபநாசம்னு போட்டிருக்குல்லா, நான் ஏன் இறங்கணும்?'னு சண்டைக்கு வாரான். பலகை கிடக்கட்டும்வே, வண்டி எங்க போவுதுன்னு எனக்குல்லா தெரியும்னு..."

குற்றாலிங்கம் பாதியில் நிறுத்தினார். ரெஜினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. தோளில் பையுடன் சுலைகா பேகம் நின்றார்.

"போயிட்டு வாரேன் அண்ணே. விரலா அது, மின்னலா? கடைசிக் கேள்வியிலதான் நான் முந்துனேன். முந்தி என்ன செய்ய?"

குற்றாலிங்கம் சிரிக்க முயன்றார்.

"ஒண்ணு கேக்கலாமா?" சுலைகாவின் குரல் தாழ்ந்தது. "ஹாக்கிதானா? உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"ஏன் கேக்கிய?"

"எங்க நூலகத்துல பொது அறிவுப் புத்தகம் பதினொண்ணு இருக்கு. எல்லாத்துலயும் ஹாக்கின்னுதான் போட்டிருக்கு. தப்புன்னு நெனச்சு, ஒவ்வொண்ணுலயும் என் கையால திருத்தம் எழுதித் துண்டுத்தாள் ஒட்டி வச்சிருக்கேன். பரீட்சைக்குப் படிக்க வாரவுக அதைத்தான் எழுதிக்கிட்டுப் போறாக. இவ்வளவு பெரிய மேடையில தப்புன்னுட்டாங்களே! நாளைக்குக் காலையில முதல் வேலையா எல்லாத்தையும் கிழிச்சிரணும்."

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் தலையில் ஒலிவாங்கி மாட்டிய உதவி இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"சார், இன்னும் சட்டை மாத்தலையா? பத்து நிமிஷத்துல மேடை. டைரக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்காரு, கத்திக்கிட்டு."

"நீங்க தயாராகுங்க அண்ணே. கோப்பையோட வாங்க," என்று சொல்லிவிட்டுச் சுலைகா படியிறங்கினார். அவருடைய செருப்பொலி ஒவ்வொரு படியாகக் கீழே போயிற்று.

குற்றாலிங்கம் கதவுக்கும் மேசைக்கும் இடையில் நின்றார். நீலச் சட்டையை எடுத்தார். வைத்தார்.

"டீச்சர், பத்து நிமிஷம் இருக்கு. ஓடிப்போய் அந்தம்மா காதுல மட்டும் சொல்லிட்டு வந்துருதேன். 'கிழிக்காதிய, நீங்க எழுதினதுதான் சரி'ன்னு. அவுக தாளும் பிழைச்சிரும், எனக்கும் ஃபைனல் இருக்கும். யாருக்கும் நட்டமில்ல. என்ன சொல்லுதிய?"

ரெஜினா குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். ராசிக்காகக் குற்றாலிங்கம் மேசைமேல் வைத்திருந்த பழைய விசிலை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். பிறகு, இயக்குநர் இருந்த பக்கத்து அறையை நோக்கி நடந்தபடியே கேட்டார்:

"ஓடுகிற வண்டியிலிருந்து யாரையாவது இறக்கிவிட்டதுண்டா, அண்ணாச்சி?"