மூன்றாவது கொக்கின் கால்

தணிகாசலம் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராக வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை தேர்வுப் பிரிவில் இருந்தவர். விடைத்தாள் கட்டுகளைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்த்தவர் அல்ல.

அருங்காட்சியகத்தின் பொறுப்பு நுண்கலைத் துறை ஆசிரியர் ஹமீதாவிடம் இருந்தது. தணிகாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் வந்த முதல் வாரமே தணிகாசலம் அவர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கத்துக் கொடுக்கணும்."

"கேளுங்க சார், தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றார் ஹமீதா.

தணிகாசலம் கேட்டார். ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. கேள்விக்கு ஒரு வேலைதான் வந்தது. இந்த ஓவியம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டால், மேற்கு ஜன்னலைத் துடைத்துவிட்டு வரச் சொல்வார். துடைத்துவிட்டு வந்தால் கேட்டது மறந்துபோயிருக்கும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தனக்கு ஒன்றுமே தெரியாது என்ற பயம் மட்டும் தணிகாசலத்தை விடவில்லை. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, திரும்பி வந்து நாலாவது தரமும் இழுத்துப் பார்ப்பார்.

அப்போதுதான் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

பத்து நாளில் மூன்று பேர் கொண்ட குழு வரும். இந்த அருங்காட்சியகத்தால் வளாகத்துக்கும் ஊருக்கும் என்ன பயன் என்று பார்க்கும். பயன் இல்லையென்றால் கட்டடம் விடைத்தாள் திருத்தும் மையம் ஆகும். ஓவியங்கள் கிடங்குக்குப் போகும்.

அந்தக் கிடங்கைத் தணிகாசலத்துக்கு நன்றாகத் தெரியும். கரையான் தின்ற விடைத்தாள்களை அங்கிருந்து கூடை கூடையாக அள்ளிப் போட்டவர் அவர்தான். எண்பத்திரண்டு ஓவியங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

யார் வருகிறார்கள் இங்கே? மாணவர்கள் வருவார்கள். வாசல் தூணில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கைப்பேசிக்கு சார்ஜ் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்கள் வளாகத்துக்குள்ளேயே வருவதில்லை. வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்பார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹமீதாவிடம் போனார்.

"டீச்சர், இதை நாம யாருக்காகத் திறந்து வைச்சிருக்கோம்?"

ஹமீதா கடிதத்தைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பின்கதவுச் சாவி எங்கே இருக்கு?"

பின்கதவு சாலையைப் பார்த்த கதவு. பதினோரு வருஷமாகத் திறக்காதது. சாவி மேஜையின் அடி அறையில் கிடந்தது. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, தோளால் இடித்துத் திறந்தார் தணிகாசலம்.

வெயிலும் ஹாரன் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. சாலைக்கு எதிரே அரசு மருத்துவமனை. இந்தப் பக்கம் நடைபாதையில், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் ஒயர்கூடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்ததைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும் டீச்சர்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். திறந்தே இருக்கட்டும்."

ஹமீதா வகுப்புக்குப் போய்விட்டார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு அம்மாள் தலையை மட்டும் நீட்டி, "குடிக்கத் தண்ணி கிடைக்குமாய்யா?" என்று கேட்டாள். குடித்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றாள். நாலாம் நாள் முப்பது பேர் உள்ளே இருந்தார்கள்.

குளிர்ந்த தரையில் துண்டை விரித்துச் சிலர் தூங்கினார்கள். ஒரு பெண் ஓவியத்தின் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவினாள். ஒருவர் சாத்துக்குடி உரித்தார். கணிதத் துறை மாணவி ஒருத்தி, கைப்பேசியை சார்ஜில் போட்டுவிட்டு, தன் பக்கத்தில் இருந்தவருக்கு ஸ்கேன் சீட்டைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. யார் இருமினாலும் அது ஓவியத்தின் மேல் பட்டதுபோல் பதறினார். கயிறு வாங்கிக் கட்டினார். குழந்தைகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இவங்க படம் பார்க்க வரலை. நிழலுக்கு வர்றாங்க."

"ஆமா."

"குழு வந்து இதைப் பார்த்தா?"

"பார்க்கட்டும் சார்."

அவர்களில் ஒருவர்மேல்தான் தணிகாசலத்துக்கு அதிகக் கவலை. பெயர் மாசானம். வாழைத்தார் சுமந்து காய்த்துப்போன தோள். அவர் தூங்குவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை. ஏதாவது ஒரு ஓவியத்தின் முன்னால் போய் நிற்பார். கடைசி நாலு நாளாக ஒரே ஓவியம். வற்றிப்போன குளம், அதில் மூன்று கொக்குகள். மூக்கு ஒட்டிவிடும் அளவுக்கு நெருங்கி நிற்பார். விரலை நீட்டி எதையோ எண்ணுவார்.

"அண்ணே, தள்ளி நின்னு பாருங்க."

மாசானம் ஒரு எட்டு பின்னால் வைப்பார். தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி நெருங்குவார். ஒன்பதாம் நாள் மாலை அந்தப் படச் சட்டத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தணிகாசலம் வீட்டுக்குப் போனார்.

பத்தாம் நாள் வந்தது. பதினோரு மணிக்குக் குழு வரும், ஹமீதா அவர்களை அழைத்து வருவார் என்று ஏற்பாடு.

காலையில் தணிகாசலம் உள்ளே பார்த்தார். தரையில் இட்லிப் பொட்டலம். ஒரு குழந்தை கூடத்தின் நடுவில் மூத்திரம் போயிருந்தது. துணிக்கொடி மாதிரி, அவர் கட்டிய கயிற்றில் யாரோ ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க. பெரிய அதிகாரிங்க வர்றாங்க. மதியத்துக்கு மேல வாங்க."

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். வெளியே இரு என்ற சொல்லை மருத்துவமனையில் தினமும் நாலு தரம் கேட்டுப் பழகியவர்கள். தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கடைசியாகப் போனாள். தணிகாசலம் கதவைச் சாத்தினார். ஃபினாயில் விட்டுக் கூடத்தைத் துடைத்தார்.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். கூட ஒரு பெண் அதிகாரியும் ஓர் இளைஞரும். பின்னால் வந்த ஹமீதா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். தணிகாசலத்தைப் பார்த்தார்.

தலைவர் கூடத்தைச் சுற்றி நடந்தார். அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்பச் சுத்தமா வைச்சிருக்கீங்க."

"நன்றிங்க சார்."

"ஆளே வர்றதில்லையோ?"

தணிகாசலம் பின்கதவுப் பக்கம் திரும்பினார்.

"வருவாங்க சார்."

"யாரு?"

தணிகாசலம் ஹமீதாவைப் பார்த்தார். ஹமீதா சுவரில் ஒரு ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைஞர் ஏதோ எழுதிக்கொள்ளத் தொடங்கினார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டதும் தணிகாசலம் விறுவிறுவென்று போய்ப் பின்கதவைத் திறந்தார்.

நல்ல வெயில். முப்பது பேரும் துண்டையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ளே வாங்க. எல்லாரும் வாங்க."

தண்ணீர் கேட்டு முதலில் வந்த அம்மாள் நிமிர்ந்தாள். "அதிகாரிங்க போயிட்டாங்களா?"

"இல்லம்மா. உள்ளதான் இருக்காங்க."

"அப்ப நாங்க பொறவு வாரோம். உங்களுக்கு ஒரு தொந்தரவு வரக்கூடாதுல்லா."

அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர்கள் வெயிலில் இருந்தார்கள். தணிகாசலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாசானம் எழுந்து வந்தார்.

"சார், நான் மட்டும் ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிருதேன். பன்னெண்டு மணிக்குச் சோறு கொண்டு போகணும். பாக்காம போனா அவ விட மாட்டா."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குழுவைத் தாண்டி, நேரே குளத்துப் படத்துக்குப் போனார். மூக்கு ஒட்டும்படி நெருங்கினார்.

"தொடாதீங்க!" என்றார் பெண் அதிகாரி.

மாசானம் திடுக்கிட்டுத் திரும்பினார். "தொடலம்மா. கால் பாக்கேன்."

"என்ன கால்?"

"மூணாவது கொக்கோட கால்." அவர் தணிகாசலத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "என் வீட்டுக்காரி எலும்பு வார்டுல கிடக்கா. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. கால்ல எடையைக் கட்டித் தொங்க விட்டிருக்காவ. இருபத்தாறு நாளா முகட்டைத்தான் பாத்துக்கிட்டுக் கிடக்கா. எதுத்தாப்ல ஒரு எடத்துல படமா மாட்டி வச்சிருக்காவன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என்ன படம்னு கேட்டா. அன்னையிலேருந்து தினம் ஒண்ணு பாத்துட்டுப் போய்ச் சொல்லுதேன்."

"தினமுமா?"

"தினமும்தான். இந்தக் குளத்துக்குத்தான் நாலு நாளாச்சு. தண்ணி கிடக்கான்னு கேட்டா, இல்லன்னேன். பின்ன கொக்கு எதுக்கு நிக்குன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? நேத்து கேக்கா, மூணாவது கொக்குக்கு ஒத்தக்கால்தானா, இல்ல ஒண்ணை மடக்கி வச்சிருக்கான்னு. பக்கத்துக் கட்டிலுக்காரி மடக்கித்தான் வச்சிருக்குங்கா. எதுத்த கட்டில்ல உள்ளவ, இல்ல, அதுக்கு ஒரு கால் போச்சுங்கா. எல்லாம் கால் ஒடிஞ்சு கிடக்கிறவளுவ. வார்டு பூராவும் ஒரே சண்டை."

தலைவர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். கிட்டே வந்து குனிந்தார்.

"சிறகுக்கு அடியில ஒரு கோடு தெரியுது. மடக்கின கால்தான்."

"அது நிழல் சார்" என்றார் பெண் அதிகாரி.

"நிழல் இப்படி விழாதும்மா."

இளைஞரும் வந்து எட்டிப் பார்த்தார். மாசானம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு நேரமாச்சு. நீங்க நல்லாப் பாத்து வைங்க. நான் சாயங்காலம் வந்து கேட்டுக்கிடுதேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து போய்விட்டார்.

குழுவும் முடிவைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பியது. அதற்குப் பிறகு பதினோரு நாள் தபால் பையன் வரும்போதெல்லாம் தணிகாசலம் வாசலுக்கே போய் நின்றார். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அருங்காட்சியகம் ஓராண்டுக்கு இப்படியே இருக்கலாம். பின்கதவு திறந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு மறுபடி குழு வரும்.

ஓராண்டு என்ற சொல்லையே அவர் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அப்போது மாசானம் உள்ளே வந்தார். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, வேறு ஏதோ உறுத்தலும் இருந்தது.

"சார், நாளைக் காலையில அவளை வீட்டுக்கு அனுப்புதாவ."

"நல்லது அண்ணே. ரொம்ப நல்லது."

"பக்கத்துக் கட்டிலுக்காரிக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும். எதுத்த கட்டில்ல உள்ளவளுக்கு எட்டிப் பாக்கவே ஆள் கிடையாது. நாளைக்கு என்ன படம்னு இன்னைக்கே கேக்காளுவ. நான் ஊருக்குப் போயிருவேன். பொறவு யாரு சொல்லுவா?"

தணிகாசலம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாசானம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஹமீதா வகுப்பறையில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தணிகாசலம் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், எனக்குப் பயமா இருக்கு."

"கடிதம் வந்துடுச்சே சார்."

"அது இல்ல." மாசானம் கேட்டதைச் சொன்னார். "நான் தேர்வுப் பிரிவு ஆள். படத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அந்தக் கொக்குக்குக் கால் இருக்கா இல்லையான்னே எனக்கு இன்னும் தெரியலை. அங்க படுத்திருக்கறவங்க கேள்வி கேப்பாங்க. நான் முழிப்பேன். அதுவும் போக, என் வேலை இந்தக் கட்டடத்துக்குள்ளதானே? இதை விட்டுட்டு நான் எப்படி அங்க போய் நிக்கறது?"

ஹமீதா கடைசித் தூரிகையின் நீரைத் துணியில் ஒற்றி எடுத்தார். அதை டம்ளரில் நட்டு வைத்தார்.

"ஆஸ்பத்திரியில பார்வை நேரம் நாலு மணிக்கு சார்."